நாலுக்கு மூணு பலகையில் ‘ஜிஞ்சர்’

பலகை ஒருவழியாகப் பள்ளி வராந்தாவில் ஏறிவிட்டது. அகலம் நான்கடி, உயரம் மூன்றடி. மேலே இடது மூலையில் பழைய திராவிடம், கீழே வலது மூலையில் ஆங்கிலம். இஞ்சியைக் குறிக்கும் ‘ஜிஞ்சர்’ என்ற ஆங்கிலச் சொல் கடந்து வந்த மொழிகள் நடுவில் அட்டை அட்டையாக நூலில் கோத்து நிற்கின்றன. இதே மாதிரி ஒன்றைத் தங்கள் பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று, சொல்லைத் தேடியதிலிருந்து ஆணி அடித்தது வரை எழுதி வைக்கிறேன்.

கடலூரில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் எது என்று கேட்டால் பிள்ளைகள் கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று உடனே அடுக்கிவிடுவார்கள். சரிதான். ஆனால் அவையெல்லாம் ஐரோப்பியக் கப்பல்கள் இந்தக் கரைக்கு வந்த பிறகு கிட்டத்தட்ட நேராக ஏறிப் போனவை. இரண்டு மூன்று அட்டையில் கதை முடிந்துவிடும். எனக்கு நெடும்பயணம் போன சொல் ஒன்று தேவைப்பட்டது. வழி காட்டியது ஒரு சுக்குப்பொடிப் பொட்டலம். திருப்பாதிரிப்புலியூரில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. லேபிளில் தாவரப் பெயர் ‘ஜிஞ்ஜிபெர் அஃபிசினாலே’ என்று இருந்தது. ஒரு மாணவி அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “டீச்சர், முதல் சொல்லு கடைசியில ‘வேர்’ மாதிரி கேக்குதே” என்றாள். சரி, இதையே எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம்.

வேலை தொடங்கும் முன் ஒரு விதி போட்டோம். ஓர் அட்டை பலகையில் ஏற வேண்டுமானால் அதில் மூன்று விவரம் இருக்க வேண்டும்: சொல்லின் வடிவம், அது எழுதப்பட்ட இடம், ஏறக்குறைய எந்த நூற்றாண்டு. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அட்டை டப்பாவிலேயே இருக்கும். சொல் ஆராய்ச்சி என்ற பெயரில் இணையத்தில் சுற்றுவதில் பாதி, காதுக்கு ஒன்று போலக் கேட்கிற இரண்டு சொற்களை ஒட்டிவிடுவதுதான். பிள்ளைகள் அந்தப் பழக்கத்தில் விழக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு செல்போன், ஐந்துக்கு மூன்று அங்குல அட்டைகள் ஒரு கட்டு, அப்புறம் அகராதிகள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனையும், பர்ரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதிப் பக்கத்தில் காசில்லாமல் தேடலாம். பிரெஞ்சுக்குப் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகம். 1827இல் தொடங்கிய நூலகம் அது. பழைய பிரெஞ்சு அகராதியைப் புரட்ட அதைவிடப் பக்கத்தில் வேறு இடம் எங்களுக்கு இல்லை.

தேடலைக் கீழிருந்து, அதாவது இன்றைய ஆங்கிலத்திலிருந்து தொடங்குவதே நல்லது. ‘இஞ்சி’யில் தொடங்கினால் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது முன்பே தெரிந்துவிடும், வழியில் பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சியாகவே தோன்றும்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ‘ஜிஞ்ஜிஃபெர்’ என்ற எழுத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும் ‘ஃப’ எழுத்து வகரமாக ஒலித்தது. அப்படியென்றால் வாயில் வந்தது ‘ஜிஞ்ஜிவெர்’. 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்காரர்களோடு பிரெஞ்சு வந்தது. பழைய பிரெஞ்சில் ‘ஜிஞ்ஜிப்ர்’. ஒரே சொல் இங்கிலாந்துக்குள் இரண்டு வாசல் வழியாக நுழைந்திருக்கிறது: முதலில் இலத்தீனிலிருந்து நேராக, பின்னர் பிரெஞ்சு வழியாக. பலகையில் ஆங்கிலப் பத்திக்கு இரண்டு நூல் வந்து சேர்வது அதனால்தான். இன்றைய பிரெஞ்சு வடிவத்தைச் சரியாக உச்சரித்துக் காட்டியவர் புதுச்சேரியில் இருக்கும் என் பெரியப்பா. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர், அந்தப் பக்கத்தில் ‘சொல்தா’ என்பார்களே, அவர்களில் ஒருவர். “ழான்ழாம்ப்ர்னு மூக்கால சொல்லணும்மா, உதட்டை இறுக்காதே” என்று பிள்ளைகளுக்காகப் போனில் பல தடவை சொல்லிக் காட்டினார்.

அடுத்த படி இலத்தீன். பிற்கால இலத்தீனில் ‘ஜிஞ்ஜிபெர்’, அதற்கு முன் ‘ஸிங்கிபெரி’. கி.பி. 79இல் இறந்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் இதை எழுதியிருக்கிறார். சிலர் இதை மிளகுக் கொடியின் வேர் என்று நினைக்கிறார்கள், அது தவறு என்கிறார். விலையும் போட்டிருக்கிறார்: இஞ்சி ஒரு ராத்தல் 6 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு), கருமிளகு 4, வெண்மிளகு 7, திப்பிலி 15. கருமிளகைவிட இஞ்சி விலை கூடுதல் என்ற வரியை வகுப்பில் படித்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மஞ்சக்குப்பத்தில் காய்கறி வாங்கப் போகிற எந்தப் பிள்ளைக்கும் இன்றைய நிலைமை இதற்கு நேர்மாறு என்று தெரியும். அந்த விலைப் பட்டியலைத் தனி அட்டையாக எழுதி ஓரத்தில் மாட்டினோம். வராந்தாவில் போகிறவர்கள் முதலில் நிற்பது அந்த அட்டைக்கு முன்னால்தான்.

அதே நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதெஸ் ‘ஸிங்கிபெரிஸ்’ என்று எழுதுகிறார். கிரேக்க எழுத்தில் பார்க்கும்போது ஓர் இடம் தடுக்கும். நடுவில் ‘காமா’ என்ற எழுத்து இரண்டு தடவை அடுத்தடுத்து நிற்கும். எழுத்துக் கூட்டினால் ‘ஸிக்கிபெரிஸ்’ என்று வரும். ஆனால் கிரேக்கத்தில் இரட்டைக் காமாவை ‘ங்க’ என்றுதான் படிக்க வேண்டும். இந்த ஒரு விவரம் தெரியாவிட்டால் மூக்கொலி எங்கிருந்து வந்தது என்று வீணாகத் தேடிக்கொண்டிருப்போம்.

கிரேக்கத்துக்கு அந்தப் பக்கம் பாலி, பழைய பௌத்த நூல்களின் மொழி. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளான விநயத் தொகுப்பில் பிக்குகள் மருந்தாக வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்த வேர்களின் பட்டியல் வருகிறது. மஞ்சள், அடுத்து ‘சிங்கிவேர’, அடுத்து வசம்பு. இன்னும் கொஞ்சம் தள்ளி அதிவிடயம், கடுகுரோகிணி, வெட்டிவேர், கோரைக்கிழங்கு. இந்தப் பட்டியலைக் கடைக்காரர் ஐயாவிடம் வாசித்துக் காட்டினேன். “எல்லாமே நம்ம கடையில இருக்கும்மா” என்று டப்பாக்களைக் காட்டினார். அப்புறம் அவரே, “சுக்குக்கு வேர்க்கொம்புன்னு ஒரு பேர் உண்டு, அதையும் எழுதிக்கோங்க” என்றார். அந்தக் குறிப்பு அப்போது எவ்வளவு முக்கியம் என்று தெரியவில்லை. சமஸ்கிருத அட்டையை எழுதும்போதுதான் தெரிந்தது.

சமஸ்கிருதத்தில் ‘சிருங்கவேர’. ‘சிருங்க’ என்றால் கொம்பு, கடைக்காரர் சொன்ன வேர்க்கொம்பில் வருவதும் அதுதான். ‘வேர’ என்றால் உடல் என்று விளக்கம் சொல்வார்கள். கொம்பு போன்ற உடம்புடையது. சுக்குத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் மான்கொம்பு மாதிரிதான் கிளை பிரிந்திருக்கும். விளக்கம் பொருந்தாமல் இல்லை. ஆனால் வேற்றுமொழிச் சொல் ஒன்று வரும்போது, கேட்கிறவர்கள் அதைத் தங்கள் மொழிச் சொற்களாகப் பிரித்துப் பொருள் கண்டுகொள்வது எல்லா மொழியிலும் நடப்பது. ஆங்கிலத்திலேயே ‘ஜிஞ்சர்பிரெட்’ இருக்கிறது. அது பழைய பிரெஞ்சில் ‘ஜிஞ்ஜப்ராஸ்’, பக்குவம் செய்து வைத்த இஞ்சி என்று பொருள். கடைசிப் பகுதி ஆங்கிலக் காதில் ‘பிரெட்’ என்று விழுந்தது. ரொட்டி உள்ளே புகுந்துவிட்டது. சமஸ்கிருதத்தில் கொம்பு புகுந்ததும் அதே மாதிரிதான் என்பது பல மொழியறிஞர்களின் கருத்து. கொம்பை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற ‘வேர்’ திராவிட மொழிக்காரர்களுக்கு விளக்கமே தேவைப்படாத சொல். மலையாளத்தில் ‘இஞ்சிவேர்’ என்றே சொல்கிறார்கள். ‘இஞ்சி என்றால் வேர்’ என்று எழுதியிருக்கும் ஆங்கில விளக்கங்களும் கண்ணில் படும். அதை அப்படியே எடுத்து எழுத வேண்டாம். தமிழ் படிக்கிற எந்தக் குழந்தையும் அதைத் திருத்திவிடும்.

கிளைவழி ஒன்று மேற்காசியாவுக்குப் போகிறது. அரபியில் ‘ஸஞ்சபீல்’. குர்ஆனில் 76ஆம் அத்தியாயம் 17ஆம் வசனத்தில் சொர்க்கத்துப் பானத்தில் கலந்திருப்பதாக வருகிறது. பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் இந்த அட்டையைத் தானே எழுதுவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். அரபி எழுத்தில் அவன் எழுதிய அட்டைதான் பலகையிலேயே அழகானது. கடைசி ரகரம் லகரமாக மாறியிருப்பதைக் கண்டுபிடித்ததும் அவனே.

இனி, ஏறாமல் டப்பாவில் தங்கிய அட்டைகள்.

ஜெர்மன் மொழியில் இஞ்சிக்கு ‘இங்வெர்’. இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் குதூகலம்: இஞ்சிவேர் அப்படியே இருக்கிறதே! ஆனால் பழைய ஜெர்மன் வடிவம் ‘கிங்கிபெரோ’. அதுவும் இலத்தீன், பிரெஞ்சு வழியாகப் போனதுதான். முதல் மெய் பின்னால் உதிர்ந்திருக்கிறது. இடையில் உள்ள வடிவத்தைப் பார்க்காமல் ஒட்டியிருந்தால், பொய்யான நூல் ஒன்று பலகையின் நட்டநடுவில் ஓடியிருக்கும்.

‘ஜிஞ்சர்லி’ என்று ஓர் ஆங்கிலச் சொல், ‘பதமாக, பார்த்துப் பார்த்து’ என்ற பொருளில். அதற்கும் இஞ்சிக்கும் தொடர்பில்லை. ‘நயமான’ என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். செஞ்சிக் கோட்டையை ஆங்கிலத்தில் எழுதுகிற விதம் ஜிஞ்சரைப் போலவே தொடங்குவதால் அதையும் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். செஞ்சியை வெள்ளைக்காரர்கள் தங்கள் காதுக்குக் கேட்டபடி எழுதியது அது, அவ்வளவுதான். இதில் தமிழிலேயே ஒரு வலை இருக்கிறது. சங்கப் பாடல்களில் ‘இஞ்சி’ என்று தேடினால் முதலில் மதில்தான் வரும். பதிற்றுப்பத்தில் ‘கொடுங்கண் இஞ்சி’ என்பது கோட்டை மதில். சொற்றொகுதியில் தேடி எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் மதிலும் சேர்ந்து எண்ணப்பட்டுவிடும். ஒவ்வொரு வரியையும் திறந்து படிக்க வேண்டும்.

அரிக்கமேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்த இடம், ரோமானிய மது ஜாடிகளும் இத்தாலியச் சிவப்பு மட்பாண்டமும் கிடைத்த துறை, எங்களுக்கு பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். ‘இஞ்சி இங்கிருந்துதான் கப்பல் ஏறியது’ என்று எழுத எல்லோருக்கும் ஆசை. ஆனால் அந்தக் காலத்துக் கடல்வணிகக் கையேடான பெரிப்ளஸில் தென்னிந்தியச் சரக்குகளில் மிளகு வருகிறது, இஞ்சி வரவில்லை. பிளினியோ, இஞ்சி அரேபியாவிலும் அதற்கு எதிர்க்கரையிலும் விளைவதாக எழுதுகிறார். அதாவது விற்றவனின் ஊரையே விளைந்த ஊராக நினைத்திருக்கிறார்கள். இடைத்தரகர் கை மாறித்தான் சொல்லும் சரக்கும் போயிருக்க வேண்டும். அரிக்கமேட்டு அட்டை எங்கள் விதிப்படி தேறவில்லை. வருத்தத்தோடுதான் எடுத்து வைத்தோம்.

அட்டைகள் சேர்ந்த பிறகு பலகை வேலை. முதலில் உலக வரைபடத்தை ஒட்டி, ஊருக்கு ஊர் நூல் கட்டிப் பார்த்தோம். இந்தியாவிலிருந்து கிரேக்கம் வரை ஒரே நீள நூல், ஐரோப்பாவுக்குள் நாலு விரல் இடத்தில் எல்லா அட்டையும் ஒன்றன்மேல் ஒன்று. எது முந்தியது எது பிந்தியது என்று யாருக்கும் புரியவில்லை. வரைபடத்தைக் கழற்றிவிட்டுக் காலத்தை அளவுகோலாக வைத்தோம். ஒரு நூற்றாண்டுக்கு ஒன்றரை அங்குலம். கி.மு. 1 முதல் கி.பி. 20 வரை 21 நூற்றாண்டு, மொத்தம் 31½ அங்குலம். மேலே 4½ அங்குலம் மிச்சம். குறுக்கே ஆறு பத்தி, ஒவ்வொன்றும் எட்டு அங்குலம்: திராவிடம், பாலி-சமஸ்கிருதம், மேற்காசியா, கிரேக்கம்-இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம். அட்டை மூன்று அங்குல உயரம் என்பதால் ஒன்றரை அங்குலப் பட்டையில் அடங்காது. எல்லாவற்றையும் ஒன்றேகால் அங்குலமாக வெட்டி மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

இந்த அளவுகோல்தான் பெரிய கேள்வியையும் கொண்டு வந்தது. பட்டினப்பாலையில் ‘முளை இஞ்சி’ வருகிறது, மதுரைக்காஞ்சியில் ‘இஞ்சி மஞ்சள்’ வருகிறது. இவற்றின் காலத்தைக் கிறித்துவுக்குப் பிந்தைய முதல் சில நூற்றாண்டுகளில் வைக்கிறார்கள். விதிப்படி மாட்டினால் தமிழ் அட்டை பாலிக்கும் கிரேக்கத்துக்கும் கீழே போகிறது. “டீச்சர், நம்மகிட்டேயிருந்து போன சொல்லுன்னு சொல்றோம், நம்ம அட்டை கீழ இருக்கே?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எழுத்தில் முதலில் கிடைப்பது வேறு, சொல் பிறந்தது வேறு. அட்டை எழுத்துக்குத்தான் சாட்சி. பிறப்புக்குச் சாட்சி சொல்லின் உள்ளேயே தேட வேண்டும்.

உள்ளே இரண்டு தடயம். ஒன்று, மேலே சொன்ன ‘வேர்’. மற்றொன்று முதலெழுத்து. பாலியில் ‘சிங்கி’ என்று ச இருக்கிறது, தமிழில் இல்லை. தமிழ் வடிவம்தான் மூலம் என்றால் ச எங்கிருந்து வந்தது? இதற்கு விடை, நடு இந்தியாவில் பேசும் திராவிட மொழியான கோண்டியில் இருந்தது. நம் ‘ஆறு’ என்ற எண் கோண்டியில் ‘சாரூங்’, நம் ‘உப்பு’ அங்கே ‘சோவர்’. தென் திராவிட மொழிகளில் சொல்லின் முதலில் இருந்த சகரம் பல சொற்களில் உதிர்ந்திருக்கிறது. பர்ரோ இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆகவே பழைய திராவிட வடிவம் ‘சிங்கிவேர்’ போல இருந்து, அந்த நிலையிலேயே வடக்கே போயிருக்க வேண்டும். தமிழில் பின்னால் ச உதிர்ந்து, ‘ங்க’ ‘ஞ்ச’ ஆகியிருக்கிறது. யாரும் எழுதி வைத்த வடிவமல்ல, கணித்த வடிவம். அதற்காகத்தான் மேலே மிஞ்சிய 4½ அங்குலம் பயன்பட்டது. அந்த அட்டையை மட்டும் கோடிட்ட ஓரத்தோடு எழுதி, அதிலிருந்து வெள்ளை நூல் இறக்கினோம். எழுத்துச் சான்று உள்ள வழிகளுக்கெல்லாம் சிவப்பு நூல். இரண்டு நிறம் வைத்ததுதான் இந்தப் பலகையில் நான் மிகவும் மதிக்கிற வேலை.

பிள்ளைகள் மிகவும் ரசித்தது வகரத்தின் பயணம். ஒவ்வோர் அட்டையிலும் அந்த எழுத்தை மட்டும் பச்சை மையில் எழுதச் சொன்னேன். பாலியில் வகரம். கிரேக்கத்தில் அப்போது அதற்கென்று தனி எழுத்து இல்லாததால் பகரம். இலத்தீனிலும் பகரம். பழைய ஆங்கிலத்தில் திரும்ப வகரம். இன்றைய ஆங்கிலத்தில் காணோம். ‘வேர்’ தேய்ந்து ‘ஜிஞ்சர்’ சொல்லின் கடைசி ‘அர்’ ஒலியாக மட்டும் நிற்கிறது.

செலவு விவரம்: 6 மி.மீ. பிளைவுட் 620 ரூபாய், ரீப்பர் ஃபிரேமும் ஆசாரி கூலியும் 450, மேலே போர்த்த காடாத் துணி 150, பித்தளை ஆணி 110, நூல் 70, ஐவரி போர்டு 90, மங்கல் லேமினேஷன் 240. மொத்தம் 1,730 ரூபாய். பித்தளை ஆணி வாங்கச் சொன்னது ஆசாரி அண்ணன். “கடல்காத்துல இரும்பு ஆணி துருப்பிடிச்சு துணியில கறை இறங்கிடும்” என்றார். சோதனைக்கு ஓரத்தில் அடித்த இரண்டு இரும்பு ஆணியைச் சுற்றி, ஐப்பசி மழை முடிவதற்குள் துணி பழுப்பாகிவிட்டது. லேமினேஷன் பளபளப்பு வகையாக இருந்தால் வராந்தா வெயிலில் எழுத்து தெரியாது. மங்கல் வகை கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை: பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நான்கடியில் இருக்கிறது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மேல் அட்டைகள் எட்டவில்லை, ஓரடி இறக்க வேண்டும். 3 முதல் 9ஆம் நூற்றாண்டு வரை அரபி அட்டையைத் தவிர பலகை பெரும்பாலும் காலியாகத் தெரிகிறது. அங்கே கப்பல் படம் ஒட்டலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். ஆனால் மேற்காசியாவின் பழைய மொழியான சீரியாக்கில் அட்டை ஒன்று தேறினால் அங்கே இடம் இருக்கிறது. பத்தித் தலைப்பை இரண்டு மடங்கு பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

பிள்ளைகள் அடுத்து ‘ரைஸ்’ வேண்டும் என்கிறார்கள். அரிசியிலிருந்து கிரேக்க ‘ஒரூஸா’ வந்தது என்று நம்மிடையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் கிரேக்கச் சொல் ஈரானிய மொழி வழியாகப் போனது என்று கருதுகிறவர்கள் அதிகம்; சமஸ்கிருத ‘வ்ரீஹி’யும் பஷ்தூ ‘வ்ரிஜே’யும் அந்தப் பக்கம் நிற்கின்றன. அந்தப் பலகைக்குச் சிவப்பு நூலைவிட வெள்ளை நூல்தான் அதிகம் செலவாகும் என்று நினைக்கிறேன். இரண்டு கண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.